ஒற்றைக் கையால் இரண்டு டீ

போன வாரம் அக்கா குடியிருந்த வீட்டு ஓனரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தாளே தங்கைக்காரி, அந்த வார்த்தை ஆறு நாளாக அவள் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"அக்கா இனிமே அங்க வரமாட்டாங்க. வேற யாருக்காவது குடுத்துடுங்க." சொன்னது அவ்வளவுதான்.

சொன்ன கையோடு, ஞாயிற்றுக்கிழமை புருஷனையும் இழுத்துக்கொண்டு போய், மூன்றாவது மாடியில் இருந்த அக்காவின் இரண்டு அறை வீட்டை ஒழித்து, பதினாலு அட்டைப்பெட்டிகளில் கட்டிக் கொண்டுவந்து தன் வீட்டுச் சின்ன அறையில் அடுக்கிவிட்டாள். கட்டிலுக்குப் புது விரிப்பு, ஜன்னலுக்குப் புதுத் திரை. எல்லாம் தயார். அக்காவிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

நாளைக் காலையில் அந்த வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வருகிறது. ஆக, இன்றைக்கு எப்படியாவது சொல்லியே தீரவேண்டும்.

அவளைத் திட்டத்தான் தோன்றும். ஆனால் திட்டுவதற்கு முன்னால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால், ஃபோனை எடுக்கவில்லையே என்று பதறியடித்துப் போய், அந்த வீட்டுக் குளியலறைத் தரையில் அக்காவைக் கண்டவள் இவள்தான். எட்டு மணி நேரமாக அங்கேயே கிடந்திருக்கிறாள் மனுஷி. தலைமாட்டில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. கூப்பிட்டால் வாய் அசைந்தது, சொல் வரவில்லை.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். வலது கை விழுந்துவிட்டது. கால் தேறிவிட்டது. பேச்சுதான் படாத பாடு படுத்தியது. முதல் மாதம் முழுக்க அக்காவுக்கு எல்லாமே 'அது'. கரண்டி 'அது', குழாய் 'அது', ஜன்னல் 'அது'. கூடப் பிறந்த தங்கையையே 'அது' என்றுதான் கூப்பிட்டாள். தங்கை சிரித்துக்கொண்டே "என்னக்கா?" என்று கேட்பாள். அப்புறம் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வருவாள்.

அப்படிப்பட்டவளை மறுபடி தனியாக விட எந்தத் தங்கைக்கு மனசு வரும்?

இன்றைக்கு அக்காவுக்குப் பரீட்சை.

மறுவாழ்வு மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், வராந்தாவின் கோடியில், ஒரு சமையலறை இருக்கிறது. அங்கே யாருக்கும் சமைத்துப் போடுவதில்லை. வீட்டுக்குப் போகப் போகிறவர்களை அங்கே நிறுத்தி, 'எங்கே, ஒரு டீ போடுங்கள் பார்ப்போம்' என்பார்கள். போட்டுவிட்டால், தனியாக இருக்கலாம் என்று தாளில் கையெழுத்து. போட முடியாவிட்டால், கூட ஆள் வேண்டும் என்று கையெழுத்து.

தங்கை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது புருஷனிடமிருந்து ஃபோன் வந்தது. பஸ் டிரைவர் அவர். டெப்போவில் வண்டி கிளம்பக் கால்மணி இருந்தது.

"சொல்லிட்டியா?"

"இல்லங்க."

"எப்பத்தான் சொல்லுவ? லாரி வந்து நின்னதுக்கு அப்புறமா?"

"பரீட்சை முடியட்டும். கையெழுத்தே 'தனியா இருக்கக் கூடாது'ன்னு வந்துடும். அப்புறம் நான் என்ன சொல்றது, அவங்களுக்கே புரிஞ்சுடும்."

"ஃபெயில் ஆகணும்னு வேண்டிக்கிட்டு நிக்கறியா?"

"அப்படி இல்ல," என்றாள் தங்கை. அப்படித்தான் என்பது அவளுக்கே தெரியும். சுருக்கென்றது. ஃபோனை வைத்துவிட்டாள்.

அவள் வேலையே அடுத்தவர் வேலை செய்வதை உட்கார்ந்து பார்ப்பதுதான். துணி தைக்கிற தொழிற்சாலையில் நேரம் பார்க்கும் பிரிவு. ஸ்டாப்வாட்சும் பலகையில் மாட்டிய தாளுமாக மெஷின் வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றால், தைப்பவர்களுக்குக் குலை நடுங்கும். காலர் வைக்க எத்தனை நொடி, பட்டன் தைக்க எத்தனை நொடி, கத்தரிக்கோலுக்குக் கை நீட்டுவதில் எத்தனை நொடி வீண். பதினேழு வருஷமாக இதே பிழைப்பு. தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் 'செகண்டம்மா'. அவள் முதுகுக்குப் பின்னால் சொல்கிறோம் என்று அவர்கள் நினைப்பு.

கைகள் எப்படி வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியாததா? ஒரு கையால் டீ போட முடியாது. காகிதத்தில் கணக்குப் போட்டே காட்டிவிடுவாள். ஒரு கை பிடிக்க வேண்டும், ஒரு கை செய்ய வேண்டும். பிடிக்கிற கை இல்லாவிட்டால் வேலை ஏது?

"நீங்க இங்க உட்காருங்க," என்று சுவரோரம் நாற்காலியைக் காட்டினாள் தெரபிஸ்ட். இருபத்தெட்டு வயசுப் பெண், குரல் மட்டும் தலைமையாசிரியை குரல். "மூணு விஷயம். எழுந்திருக்கக் கூடாது. கை குடுக்கக் கூடாது. வார்த்தையும் எடுத்துக் குடுக்கக் கூடாது. இதுல எது நடந்தாலும் அந்த நிமிஷமே பரீட்சை முடிஞ்சுது."

"முடிஞ்சா?"

"கூட ஆள் வேணும்னு எழுதிடுவேன்."

தங்கை அந்த நாற்காலியைப் பார்த்தாள். சும்மா எழுந்து நின்றாலே போதும் போலிருக்கிறதே!

அக்கா உள்ளே வந்தாள். ஐம்பத்தொரு வயசு. பள்ளிக்கூடத்துக்கு எதிரே நகலெடுக்கிற கடை வைத்து, காகிதம் அடுக்கியும் புத்தகம் கட்டியும் தங்கையைப் படிக்கவைத்து ஆளாக்கியவள். தான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கேட்டால், "எனக்கு எங்கடி நேரம்?" என்று முடித்துவிடுவாள். இப்போது வலது கை ஒரு துணிப்பையில் மாட்டிக் கழுத்தில் தொங்கியது. தலைமுடியைத் தானே வாரியிருக்கிறாள், வகிடு கோணல்.

"வந்துட்டியா குட்டி," என்றாள். 'குட்டி' என்ற சொல் திரும்பி வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

"மேடம், ரெண்டு டீ. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு விருந்தாளிக்கு," என்று தெரபிஸ்ட் தங்கையைக் காட்டினாள். "அப்புறம் இடத்தை ஒழுங்கு பண்ணணும். ஒவ்வொண்ணையும் முதல்ல வாயால சொல்லிட்டு, அப்புறம் செய்யணும். ஆரம்பிக்கலாமா?"

அவள் கையில் ஒரு தாள் இருந்தது. 'அன்றாட வீட்டு வேலைச் சொற்கள்' என்று தலைப்பு. நாற்பது சொற்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம்.

தங்கையின் கை பழக்கதோஷத்தில் பைக்குள் போய் ஸ்டாப்வாட்சை அமுக்கியது.

அக்கா ஒரு நிமிஷம் அப்படியே நின்று பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்தாள். கடையில் பெரிய வேலை வரும்போது இப்படித்தான் நிற்பாள்.

"வை," என்றாள். அலமாரியிலிருந்து பாத்திரத்தை எடுத்தாள். காலியாகவே கொண்டுபோய் மின் அடுப்பின் மேல் வைத்தாள்.

"பிடி." ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்தாள். "ஊத்து." அடுப்புக்கு நடந்துபோய் ஊற்றினாள். திரும்பி வந்தாள். மறுபடி பிடித்தாள். மறுபடி போனாள்.

செகண்டம்மாவுக்கு உடம்பெல்லாம் அரித்தது. பாத்திரத்தையே குழாயடியில் பிடித்து ஒரே நடையாகக் கொண்டுபோயிருக்கலாமே! ஒன்றுக்கு நான்கு நடை. தொழிற்சாலையில் இப்படி ஒருத்தி செய்தால் தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பாள்.

நான்காவது நடையில்தான் உறைத்தது. தண்ணீர் நிரம்பிய பாத்திரம் கனம். ஒரு கையில் தூக்கினால் சாயும், சாய்ந்தால் கொட்டும், கொட்டினால் வழுக்கும். அக்கா கனத்தைத் தூக்கவே போவதில்லை. கனத்தை நான்காக உடைத்துவிட்டாள்.

அட!

தங்கை நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டீத்தூள் டப்பாவின் மூடி இறுக்கம். இதற்கு இரண்டு கை கட்டாயம் வேண்டும், தப்பவே முடியாது என்று அவள் நினைத்த இடம் இதுதான். அக்கா டப்பாவை உற்றுப் பார்த்தாள். மேடைக்குக் கீழே இழுப்பறையைத் திறந்தாள். டப்பாவை அதற்குள் நிற்க வைத்தாள். இடுப்பால் இழுப்பறையைத் தள்ளி நெருக்கினாள். டப்பா இடுக்கில் அசையாமல் நின்றது.

"திற," என்றாள். திருகினாள். திறந்தது.

தங்கைக்குக் கண் கொட்ட மறந்துபோயிற்று. கடையில் ஒரு காதில் ஃபோனும் இரண்டு கையிலும் காகிதமுமாக, இடுப்பாலேயே இழுப்பறையைச் சாத்துகிற அக்காவை இருபது வருஷம் பார்த்தவள்தான். 'இழுப்பறைய இடிச்சே உடைக்கப் போற' என்று கேலிகூடச் செய்திருக்கிறாள். அந்த இடுப்பு இன்றைக்கு ஒரு கையாகவே மாறிவிட்டது.

பால் பாக்கெட்டை ஒரு குவளைக்குள் நிறுத்தி, மேல் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். சர்க்கரையை டப்பாவிலிருந்து எடுக்காமல், டப்பாவையே அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். கரண்டியில் அள்ளி நடந்தால் சிந்துமல்லவா? ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சொல் வந்தது. வெட்டு. அள்ளு. போடு. கிளறு. மெல்ல வந்தது, ஆனால் சரியாக வந்தது. தெரபிஸ்டின் பேனா கட்டங்களில் டிக் அடித்துக்கொண்டே போயிற்று.

தொழிற்சாலைத் தாளில் இதையெல்லாம் எழுதினால் ஒரே வரிதான். 'டீ போடுதல்.' தினமும் காலையில் பல்லைத் தேய்த்துக்கொண்டே, புருஷனைத் திட்டிக்கொண்டே அவளும் போடுகிற டீதான். அதற்குள் இத்தனை வேலை அடங்கியிருக்கிறது என்று பதினேழு வருஷம் வேலையைப் பார்த்துப் பார்த்தே பிழைத்த தனக்குத் தெரியவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது.

பால் பொங்கி வந்தது.

"அணை!" சொல்லும் கையும் ஒரே நேரத்தில் போயின. பொங்கியது விளிம்போடு அடங்கியது.

அக்கா டீ வடிகட்டியைக் கையில் எடுத்தாள். வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

கையில் இருப்பதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதடு குவிந்தது, பிரிந்தது. "அ... அது..." என்றாள். நெற்றி வியர்த்துவிட்டது.

தங்கையின் நாக்கு நுனியில் சொல் வந்து நின்றது. ஐந்தே எழுத்து வாயை விட்டு விழுந்தால் போதும். ஆனால் விழுந்தால் பரீட்சை முடிந்தது. சின்ன அறை தயாராக இருக்கிறது. புது விரிப்பு போட்டிருக்கிறது. சொல்லவேண்டிய கஷ்டமும் தீர்ந்தது.

அவள் சொல்லவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியாது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

சொல் வராமலே அக்கா வடிகட்டியைக் கோப்பையின் மேல் வைத்து, பாத்திரத்தைத் தூக்கிச் சாய்த்தாள். பிடிக்க ஆளில்லாத வடிகட்டி புரண்டது. சூடான டீ மேடையில் கொட்டி, வழிந்து, தரையில் சொட்டியது.

தங்கை பாதி எழுந்துவிட்டாள்.

தெரபிஸ்ட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி உள்ளங்கையைக் காட்டினாள். அக்காவும் பார்த்துவிட்டாள். பார்வை என்றால் பார்வை, சின்ன வயசில் அடுப்படிக்கு வந்தால் முறைப்பாளே, அதே முறைப்பு.

"உட்காருடி," என்றாள் அக்கா.

தங்கை உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

பாத்திரத்தில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. அக்கா அலமாரியைப் பார்த்தாள், கோப்பையைப் பார்த்தாள், வடிகட்டியைப் பார்த்தாள். அவசரமே படவில்லை. இந்த உலகத்தில் இருக்கிற நேரம் பூராவும் அவள் வீட்டுச் சொத்து மாதிரி நின்றாள்.

பிறகு ஒரு கிண்ணத்தை எடுத்தாள், வாய் குறுகின கிண்ணம். வடிகட்டியை அதன் வாயில் வைத்து அமுக்கினாள். கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. பாத்திரத்தைத் தூக்கவே இல்லை. ஒரு கரண்டியை எடுத்து, பாத்திரத்திலிருந்து டீயை மொண்டு வடிகட்டியில் விட்டாள். இன்னொரு கரண்டி. இன்னொரு கரண்டி. தூள் மேலே நின்றது, டீ கீழே இறங்கியது.

ஐந்தாவது கரண்டியில் வாய் தானாகத் திறந்தது.

"வடி... கட்டு." நின்றாள். மறுபடி சொன்னாள், முழுசாக. "வடிகட்டு!"

கையே போய் அந்தச் சொல்லை எங்கிருந்தோ தேடிப்பிடித்து வாயில் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. தங்கைக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயில் குளம் எல்லாம் போய் நின்றிருக்கிறாள் அவள், எங்கேயும் இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

"மேடம், செஞ்சுட்டு அப்புறம் சொல்லியிருக்கீங்க," என்றாள் தெரபிஸ்ட், குரல் கொஞ்சம் கரகரத்தது. "இந்தக் கட்டத்துக்கு மார்க் இல்ல."

"பரவால்ல," என்றாள் அக்கா. "அத நீயே வச்சுக்க."

கிண்ணத்திலிருந்து இரண்டு கோப்பைகளில் ஊற்றினாள், முக்கால் முக்கால். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தரையில் சிந்தியதற்குக் குனியவில்லை. ஒரு துணியை நனைத்துக் கீழே போட்டு, "துடை" என்று சொல்லி, காலால் இப்படியும் அப்படியும் இழுத்தாள். கூடத்தில் ஆடுகிற பெண்பிள்ளை மாதிரி இருந்தது பார்க்க. தங்கை சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லையே.

"அடுத்தது," என்று தெரபிஸ்ட் தாளைப் பார்த்தாள், "பாத்திரம் கழுவறது. சொல்லுங்க மேடம். கழுவு."

அக்கா திரும்பினாள். "எத?"

"எல்லாத்தையும்தான்."

"எல்லாத்தையும் எப்படிக் கழுவறது? கப்ப... அலசினா போதும். பால் பாத்திரத்த தேய்க்கணும். அடி புடிச்சிருந்தா ஊற வச்சு சுரண்டணும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். மூன்று மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. "கழுவறது கையத்தான். உன் தாள்ல அது தப்பா போட்டிருக்கு."

தெரபிஸ்ட் தாளைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "தாள்ல அலசு இல்ல மேடம்."

"எழுதிக்க."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்! ஓரத்தில், பேனாவால், 'அலசு, தேய், ஊற வை, சுரண்டு.' தங்கைக்கு அடக்கமாட்டாமல் கண்ணில் நீர் வந்துவிட்டது. எல்லாவற்றையும் 'அது' என்றவள் இவள்தானா? கழுவுவதற்கும் அலசுவதற்கும் வித்தியாசம் சொல்லிச் சண்டை பிடிக்கிறாளே மகராசி!

பாத்திரம் தொட்டியில் சுற்றாமல் இருக்க அடியில் இன்னொரு ஈரத்துணியை விரித்துக்கொண்டாள். தேய்த்தாள். அலசினாள். கவிழ்த்தாள். கடைசியில் அந்தத் துணி. ஈரம் சொட்டச் சொட்டக் கையில் இருந்தது.

"பிழி," என்றாள்.

பிழிவதற்கு இரண்டு கை வேண்டும். இதில் மட்டும் மாற்றே கிடையாது, இது மனிதக் கை படைக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டு கை வேலை என்று தங்கை தனக்குள் சத்தியம் செய்தாள்.

அக்கா துணியைக் குழாயின் கழுத்தில் மாட்டினாள். இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்தாள். முறுக்கினாள். குழாய் பிடித்துக்கொண்டது, அக்கா முறுக்கினாள். தண்ணீர் கொடகொடவென்று இறங்கியது.

அடேயப்பா! கைகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று இறுமாந்திருந்தவள் வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது, மலையடிவாரத்தில் நிமிர்ந்து பார்க்கும்போது வருமே, அந்தப் பயம். இந்த மனுஷியையா சின்ன அறையில் கொண்டுபோய் உட்காரவைக்கப் பார்த்தேன்?

"உதறு. காயப்போடு." போட்டாள். "அவ்வளவுதான்."

தெரபிஸ்ட் கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தாறு நிமிஷம் ஆகியிருந்தது. தாளின் அடியில் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், கிழித்துக் கொடுத்தாள்.

"தனியா இருக்கலாம் மேடம். நாளைக்குக் காலையில கிளம்பிடலாம்." போகும்போது தங்கையைப் பார்த்து, "நீங்க ரொம்ப நல்லா உட்கார்ந்தீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா எதிரில் வந்து உட்கார்ந்தாள். "குடி. ஆறிப்போச்சு."

தங்கை ஒரு வாய் குடித்தாள். ஆறித்தான் போயிருந்தது. அவள் வாழ்நாளில் அவளுக்கென்று யாரும் இவ்வளவு பாடுபட்டு ஒரு டீ போட்டதில்லை.

"வீட்டுக்குப் போனதும்... முதல்ல பெருக்கணும்," என்றாள் அக்கா. தாளை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். "மூணு மாசத் தூசி. ஒட்டடை அடிக்கணும். ஜன்னல் துடைக்கணும். நீ வராத. நானே செய்வேன். ஒரு நாளைக்கு ஒரு மூலை."

"அக்கா."

"ம்."

"அங்க தூசி இல்லக்கா. ஒண்ணுமே இல்ல." கோப்பையைக் கீழே வைத்தாள். இனி தள்ளிப்போட இடமில்லை. "வீட்டக் காலி பண்ணிட்டேன். ஓனர்கிட்ட நீ வரமாட்டேன்னு சொல்லிட்டேன். உன் சாமான் எல்லாம் எங்க வீட்ல இருக்கு. நாளைக்கு அங்க வேற ஆளுங்க வர்றாங்க."

அக்கா நீவுவதை நிறுத்தினாள்.

"உன்ன ஒரு வார்த்தை கேக்காம பண்ணிட்டேன். பயந்துட்டேன்க்கா. அந்தக் குளியலறைய நெனச்சா இப்பவும் எனக்குத் தூக்கம் வரல. நீ மறுபடியும் அங்க விழுந்து, நான் மறுபடியும் லேட்டா வந்து..." மேலே பேச முடியவில்லை. "தப்புதான். பெரிய தப்பு. திட்டுக்கா."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவள் முகம் முதலில் வெளுத்தது. பிறகு சிவந்தது. சொற்களைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. தேடி எடுத்தது இதைத்தான்:

"நான் செத்துட்டேன்னு நெனச்சியா?"

"ஐயோ, அப்படிச் சொல்லாத."

"வீட்ட ஒழிக்கறது... செத்தவங்களுக்குத்தான்டி."

தங்கை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்மினாள். பிறகு இடது கை வந்து அவள் தலையில் தட்டியது. ஆசையாகவும் இல்லை, அடியாகவும் இல்லை.

"ஃபோனை எடு. ஓனர் நம்பர்."

"நான் பேசறேன்க்கா. நான்தானே கெடுத்தேன், நானே கால்ல விழுந்தாவது..."

"எடு."

ஃபோனை மேசையில் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டாள் தங்கை. மணி அடித்தது.

"ஹலோ?"

"நான்... மூணாவது மாடி."

"அட, மேடமா? நீங்களா பேசறீங்க!" ஓனரின் குரலில் நிஜமாகவே சந்தோஷம். "பேச்சே வராதுன்னு சொன்னாங்களே! நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். வீடு. குடுத்துட்டீங்களா?"

"நாளைக்குத்தான் மேடம் வர்றதா இருந்தாங்க. லாரி இன்னைக்கே கெடைச்சுதுன்னு காலையிலயே வந்து இறங்கிட்டாங்க. பாதி சாமான் மேல ஏறிடுச்சு. உங்க தங்கச்சிதானே சொன்னாங்க..."

தங்கை ஃபோனை நோக்கிப் பாய்ந்தாள். "சார், ஒரு நிமிஷம், நான் சொல்றத..."

அக்காவின் இடது கை உயர்ந்தது. தங்கை நின்றாள்.

"அவங்ககிட்ட ஃபோனைக் குடுங்க," என்றாள் அக்கா.

"யாருகிட்ட மேடம்?"

"மேல இருக்கறவங்ககிட்ட."

ஓனர் ஏதோ முணுமுணுத்தார். செருப்புச் சத்தம் படியேறியது. முதல் மாடி, இரண்டாவது மாடி. யாரோ பீரோவை இழுக்கிற கிறீச்சல் நெருங்கி வந்தது. அதற்குள் அக்காவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன, சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிற மாதிரி.

மூன்று மாதமாக அக்கா தொடங்கிய வாக்கியங்களையெல்லாம் முடித்துவைத்தவள் தங்கைதான். டாக்டரிடம், நர்ஸிடம், கான்டீன்காரரிடம், எல்லாரிடமும். இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு, அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ஹலோ? யாருங்க?" மூச்சிரைக்கிற ஒரு பெண் குரல்.

"நான்," என்றாள் அக்கா, திக்காமல், தேடாமல். "அந்த வீட்டுல இருக்கறவ."